மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

களனி கங்கை கடலோடு சேரும் மட்டக்குளி மூலையில் கராஜ்களுக்குக் குறைவில்லை. லொறி, வான், முச்சக்கர வண்டி எல்லாம் இங்கே வந்து படுத்து எழும்பிப் போகின்றன. இன்று அந்தப் பட்டறைகளில் காதில் விழும் பெயர்கள் அக்வா, வெகன் ஆர், பிரியஸ், அல்டோ. ஹைபிரிட் பற்றரி எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் பேச்சு. ஒஸ்ரின் ஏ-40 என்று சொன்னால் இளம் பிள்ளைகளுக்கு அது எதுவென்று தெரியாது. எழுபது வயதைத் தொட்ட பாஸ்மார் மட்டும், கையிலிருக்கும் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள்.

இலங்கையின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் முதல் கார். தமிழர்களுக்கு, குறிப்பாக வடக்கில் பிறந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வந்து குடியேறியவர்களுக்கு, அது அதற்கும் மேலே. ஒரு கம்பனியின் கார், அந்தக் கம்பனி அழிந்தபிறகும் நிற்காமல், இன்னொரு நாட்டில் ஐம்பது வருடம் ஓடிய கதை இது. அந்தக் கம்பனியை அழித்தவர்கள் பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. காரை ஓடவைத்தவர்களைப் பற்றித்தான் நாம் போதிய அளவு எழுதவில்லை.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகருக்கு அருகே லோங்பிரிட்ஜ் என்ற இடத்தில், கைவிடப்பட்ட ஓர் அச்சுக்கூடத்தில், ஹேர்பேட் ஒஸ்ரின் 1905இல் தொழிற்சாலை தொடங்கினார். 1922இல் வந்த ‘ஒஸ்ரின் செவன்’ என்ற சின்னக் கார் உலகத்துக்கே பாடம் எடுத்தது. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனி முதன்முதலில் செய்த கார், உரிமம் பெற்றுச் செய்த ஒஸ்ரின் செவன்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதே காரைச் செய்யத் தொடங்கிய ‘அமெரிக்கன் ஒஸ்ரின்’ நொடித்துப்போய், ‘பாண்டம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1940இல் அமெரிக்க இராணுவத்துக்காக முதல் ஜீப்பின் மாதிரியை உருவாக்கியது. எங்கள் ஊர் வீதிகளில் பின்னாளில் புழுதி கிளப்பிய ஜீப் வண்டிகளின் வம்சமும் போய் நிற்பது இந்த லோங்பிரிட்ஜ் வாசலில்.

ஏ-40 வந்தது 1947இல். போர் முடிந்து கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியா, கார்களை வெளிநாட்டுக்கு ஏற்றும் தொழிற்சாலைக்குத்தான் உருக்கு என்று பங்கீடு வைத்திருந்த காலம். ஆகவே ஏ-40 ஏற்றுமதிக்கென்றே பிறந்த கார். அமெரிக்காவில்கூட டொலருக்கு விற்றார்கள். அங்கே ‘நாஷ்’ கம்பனி தன் பெயரில் விற்ற ‘மெட்ரோபொலிட்டன்’ என்ற குட்டிக் காரை லோங்பிரிட்ஜே ஏ-40இன் எஞ்சினைப் போட்டுச் செய்து கொடுத்தது. ஏ-40 வரிசையில் முதலில் ‘டெவன்’, 1952 முதல் 1954 வரை உருண்டை முதுகோடு ‘சோமசெட்’, பிறகு ‘கேம்பிரிட்ஜ்’. டெவனும் சோமசெட்டும் சேர்ந்து நாலரை இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெளிவந்தன. 1,200 சீ.சீ. எஞ்சின், நாற்பது குதிரைவலு, உடலுக்குக் கீழே தனியாகக் கனத்த சட்டகம். இந்தச் சட்டகத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நாற்பது வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் அதுவும் கைகொடுத்தது.

இலங்கைக்கு இவை வந்திறங்கிய நேரமும் பொருத்தமானது. 1950, 51இல் கொரியப் போரால் றப்பர் விலை ஏறி நாட்டின் கையிருப்பு நிறைந்திருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஹில்மனும் இறங்கின. பெரிய அமெரிக்கக் கார்கள், பிளிமத்தும் செவர்லேயும், அமைச்சர்மாருக்கும் பெருவணிகருக்கும் போயின. ஒஸ்ரின், டாக்டருக்கும் பிரக்டருக்கும் புகையிலை வியாபாரிக்கும் மலாயன் பென்சன்காரருக்கும் வந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போக அதை வாங்கினார்கள். களனிப் பாலத்தைத் தாண்டி, அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று ஏறத்தாழ இருநூற்றைம்பது மைல் பயணம். காரின் கூரையில் பெட்டிகள், உள்ளே ஆறேழு பேர்.

இந்தக் கார்களின் இலக்கத் தகட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1956வரை பதிவான வாகனங்களுக்கு ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துகள். 1957 ஜனவரியிலிருந்து புதிய வாகனங்களில் சிங்கள ‘ஸ்ரீ’ கட்டாயம் என்றார்கள். தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது அப்போதுதான். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மார்ச்சில் அந்தச் சபையின் சிங்கள ஸ்ரீ பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. யாழ்ப்பாணத்தில் அந்த ஸ்ரீ எழுத்தின்மீது தார் பூசினார்கள். தெற்கில் அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகளின்மீது தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது, மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரத்தில் இரத்தம் ஓடியது. இவ்வளவும் நடந்தபோது பழைய சோமசெட்டுகள் ஆங்கில எழுத்தோடு பேசாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்ரீ எழுத்து இல்லாத கார் என்பதே ஒரு காரணமாக அவற்றை விற்காமல் வைத்திருந்த வீடுகள் உண்டு.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. காரை ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்கி இறக்குமதியை அடைத்தார்கள். 1970க்குப் பிறகு கதவு இன்னும் இறுகியது. இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஐந்து வருடத்தில் காரை மாற்றினார்கள். அமெரிக்காவில் அதைவிட வேகமாக மாற்றினார்கள். இங்கே மாற்றுவதற்குக் கார் இல்லை. ஆகவே கார் சாகக்கூடாது. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகள் பெருகின. கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் லேத்தில் கடைந்தார்கள். பிஸ்டன் தேய்ந்தால் சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டார்கள். தகரம் உக்கினால் வெட்டி ஒட்டினார்கள். தொழிற்சாலைக் கையேட்டில் இல்லாத ஓர் ஒஸ்ரின் அறிவு இந்தத் தீவில் வளர்ந்தது. இறக்குமதித் தடை மக்களை வருத்தியது உண்மை. ஆனால் அதே தடைதான் இந்தக் கைகளைப் பழக்கியது என்பதும் உண்மை.

லோங்பிரிட்ஜில் என்ன நடந்தது? 1952இல் ஒஸ்ரினும் அதன் பரம எதிரியான மொறிஸும் சேர்ந்து பி.எம்.சீ. என்ற கம்பனி ஆனார்கள். சேர்ந்தார்களே தவிர ஒன்றாகவில்லை. ஒரே காரை ஒஸ்ரின், மொறிஸ், வூல்ஸ்லி, றைலி, எம்.ஜி. என்று ஐந்து பெயர்ப்பலகை மாட்டி விற்றார்கள். ஒரு பெயர்மீது நம்பிக்கை வைத்து வாங்கியவனுக்கு, அந்தப் பெயருக்குப் பொருளே இல்லை என்று கம்பனியே சொல்லிக் கொடுத்தது. 1959இல் வந்த ‘மினி’ உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதைச் சரியாக விலை கணித்து விற்கத் தெரியவில்லை. போட்டிக் கம்பனியான ஃபோர்ட் ஒரு மினியை வாங்கிக் கழற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு காரிலும் இவர்களுக்கு நட்டம் என்ற முடிவுக்கு வந்தது என்பார்கள். 1968இல் பிரித்தானிய லேலண்ட், 1975இல் அரசு பொறுப்பேற்பு, முடிவில்லாத வேலைநிறுத்தங்கள், தரமற்ற கார்கள். 1987இல் ஒஸ்ரின் என்ற பெயரையே கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே வழியில் போன பெயர்கள் பல: ஸ்டூடிபேக்கர் 1966இல், பிளிமத் 2001இல், ஓல்ட்ஸ்மொபீல் 2004இல், பொன்டியாக் 2010இல். பிளிமத்துக்கும் டொட்ஜுக்கும் வித்தியாசம் பெயரில்தான் என்று வாங்குபவருக்குத் தெரிந்த நாளில் பிளிமத்தின் கதை முடிந்தது.

ஒஸ்ரினின் மாணவர்கள் இதற்கிடையில் ஆசிரியரைத் தாண்டிப் போயிருந்தார்கள். 1952 டிசம்பரில் ஜப்பானின் நிசான் கம்பனி ஒஸ்ரினுடன் ஏழு வருட ஒப்பந்தம் ஒன்று செய்தது. அடுத்த வருடம் முதல் அங்கே சோமசெட்டைப் பொருத்தினார்கள், பிறகு கேம்பிரிட்ஜை. முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். கொஞ்சங் கொஞ்சமாக ஒவ்வொரு பாகத்தையும் தாங்களே செய்தார்கள். ஒப்பந்தம் முடியும்போது கார் முழுதும் அவர்கள் கையில் இருந்தது. 1950களின் கடைசியில் வந்த டட்சன் காரின் எஞ்சின் ஒஸ்ரின் எஞ்சினிலிருந்து பிறந்தது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் கொழும்பை நிறைத்த டட்சன் சன்னிகளின் பாட்டன் இந்தச் சோமசெட்தான். வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்! ரீகண்டிஷன் ஜப்பான் கார் மலிவு, பெற்றோல் குறைவாகக் குடிக்கும், காலையில் ஒரே சாவியில் எழும்பும். கொழும்பில் ஒஸ்ரினின் காலம் அத்தோடு போய்விட்டது. கொட்டாஞ்சேனையில் ஹயர் ஓடியவைகூட ஒவ்வொன்றாகத் தகரக்காரரிடம் போயின.

1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் தமிழரின் கடைகளோடும் வீடுகளோடும் கார்களும் எரிந்தன. வீதியில் வந்த வாகனங்களை மறித்துப் பெற்றோலை உறிஞ்சியெடுத்து, அந்தப் பெற்றோலாலேயே தீ வைத்தார்கள். தப்பியவர்கள் அகதி முகாம்களிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். கார் வைத்திருந்த குடும்பங்கள் பல, அதன்பிறகு கொழும்பில் கார் வாங்கவே இல்லை.

இனி வருவதுதான் இந்தக் கதையின் மையம்.

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் தொடங்கியபின், வடக்குக்குப் போகக்கூடாது என்று அரசு தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம், சீமெந்து எல்லாம் இருந்தன. குடாநாட்டில் மின்சாரமும் நின்றுபோனது. கள்ளமாக வந்த பெற்றோல் போத்தல் கணக்கில், தங்கம்போல விற்றது. விளக்கெரிக்கவென்று பங்கீட்டில் மண்ணெண்ணெய் மட்டும் வந்தது. யாழ்ப்பாணத்தில் நின்ற நவீன ஜப்பான் கார்கள் கொட்டில்களில் முடங்கின. வீதியில் எஞ்சியவை சைக்கிளும், சில மோட்டார் சைக்கிள்களும், 1950களின் ஏ-40களும், மொறிஸ் மைனர்களும்.

ஏன் இவை மட்டும்? இதில் மாயம் ஒன்றுமில்லை, பொறியியல்தான் இருக்கிறது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் நல்ல பெற்றோல் கிடையாது. மட்டமான எரிபொருளுக்கென்றே ஒஸ்ரின் எஞ்சினைச் செய்தார்கள். அதன் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேலேதான். பிந்திய கார்களின் எஞ்சின் இன்னும் இறுக்கமாக அமுக்கும். அதற்குள் மண்ணெண்ணெய் போனால் உரிய நேரத்துக்கு முன்னமே வெடித்து ‘நொக்’ அடிக்கும், பிஸ்டன் போய்விடும். அடுத்தது சூடு. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஒஸ்ரினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கும். புகைக்குழாயின் வெப்பம் காபரேற்றரிலிருந்து வரும் மண்ணெண்ணெயை ஆவியாக்கிக் கொடுத்தது. அக்கால இங்கிலாந்தில் உழவு இயந்திரங்கள் பல இந்த முறையில்தான் ஓடின; பெற்றோலில் தொடங்கிப் பிறகு மலிவு எண்ணெய்க்கு மாற்ற இரண்டு தாங்கிகள் அவற்றில் இருந்தன. யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் அதே முறையை, கையேடு இல்லாமல், தங்கள் கையால் கண்டடைந்தார்கள்.

நடைமுறை இப்படி. தொடக்குவதற்குச் சில துளி பெற்றோல் வேண்டும். அதைக் குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் வைத்திருப்பார்கள். காபரேற்றர் வாயில் அதைப் பீச்சிவிட்டு, முன்பக்கத்தால் ஹாண்டில் போட்டுச் சுழற்றுவார்கள். பற்றரி இல்லாத நாட்டில், ஹாண்டில் போடத் துளை வைத்துச் செய்த பழைய காருக்குத்தான் வாழ்வு. எஞ்சின் எழும்பி உறுமும்போது இன்னும் இரண்டு பீச்சல். சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் புகை தெருவையே மூடும், கண் எரியும். ஏற்றத்தில் இழுவை குறையும், ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது? சமதரை என்பதும் இந்தக் கார்களைக் காப்பாற்றிய காரணங்களில் ஒன்று. வழியில் எஞ்சின் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் சூப்பி, மறுபடியும் ஹாண்டில். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். அந்த ஒயிலும் தடைப்பட்ட பொருள். பிளக்கில் கரி ஏறும். கழற்றித் தேய்த்துப் பூட்ட வேண்டும். மின்சாரம் இல்லாத பட்டறையில் இவ்வளவையும் செய்தார்கள்.

பிரசவத்துக்கும் ஷெல் காயத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்குப் போக வாகனம் தேடியவர்களுக்குக் கிடைத்தது இந்தக் கார்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் இதில், சாவீட்டுக்கு உறவினரும் இதில். கொழும்புக்குப் போகிறவர்களைக் கிளாலிக் கடற்கரைவரை கொண்டுபோய் விட்டதும் இதுதான். அங்கிருந்து இரவில் வள்ளம். 1995 ஒக்ரோபர் 30இல், இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாதையில் சைக்கிள்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவே ஏ-40களும் ஊர்ந்தன. ஐந்து பேருக்கான அந்தக் காரில் கிழவர்களையும் குழந்தைகளையும் மூட்டைகளையும் அடைந்த அளவுக்கு ஏற்றினார்கள். கனத்த சட்டகம் தாங்கியது.

என்னை இன்றுவரை உறுத்தும் செய்தி ஒன்று. அதே 1990களில், இதே தீவின் தெற்கில் மொறிஸ் மைனருக்குப் புதிய உதிரிப்பாகங்கள் செய்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், பழைய கார்களைத் தூக்கி எறியாமல் பழுதுபார்த்துக் காலத்துக்கும் ஓட்டலாம் என்று வாதாடியவர். இலங்கைக் கைகளின் திறமையைக் கண்டு, இங்குள்ள தொழிலதிபர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து பட்டறை அமைத்தார். இங்கே அடித்த தகடுகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. தெற்கில் செய்த மொறிஸ் பாகத்துக்கு ஆங்கிலேயரின் வீட்டுக்குப் போக வழி இருந்தது. வவுனியாவைத் தாண்டி வடக்குக்குப் போக வழி இல்லை. தேவை மிகுந்த இடத்துக்கு, அதே நாட்டில் செய்த பொருள் போகவில்லை. அந்தப் பட்டறையில் வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தத் தடைப் பட்டியலை எழுதிய கைதான் பதில் சொல்ல வேண்டும்.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ-9 வீதி திறந்தது. லண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் ஊர் பார்க்க வந்தவர்கள் யாழ்ப்பாண பஸ் நிலையத்தருகே ஹயருக்கு நின்ற ஏ-40களைக் கண்டு வியந்து படம் பிடித்தார்கள். அந்தச் சமாதானக் காலத்திலேயே, 2005 ஏப்ரல் 8இல், லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை வங்குரோத்தாகி ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வேலை இழந்தார்கள். தன் முதல் காரை ஒஸ்ரினிடமிருந்து பெற்ற பி.எம்.டபிள்யூ., 1994இல் ஒஸ்ரினின் வாரிசான கம்பனியை வாங்கி, 2000இல் மினியை வைத்துக்கொண்டு, லோங்பிரிட்ஜைப் பத்துப் பவுணுக்குக் கைமாற்றியிருந்தது. பத்துப் பவுண்! இறுதியில் சீனாவின் நான்ஜிங் கம்பனி இயந்திரங்களையும் எம்.ஜி. என்ற பெயரையும் வாங்கியது. இன்று காலி வீதியில் போகும் புதிய எம்.ஜி. கார்கள் ஷங்ஹாய் கம்பனியுடையவை.

2006இல் ஏ-9 மறுபடி மூடப்பட்டு, மூன்று வருடங்கள் போர் எரிந்து, 2009இல் ஓய்ந்தது. பாதை திறந்ததும் குடாநாட்டுக்குள் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் குத்தகைக் கடனில் வெள்ளமாக வந்தன. தடையால் சாகாத ஏ-40 சந்தையில் தோற்றது. ஹயர்காரர்கள் முச்சக்கர வண்டிக்கு மாறினார்கள். கார்களைப் பழம்பொருள் சேர்ப்போர் வாங்கினார்கள். சில இன்னும் கல்யாண ஊர்வலங்களுக்குப் பூச்சூடி வருகின்றன.

பிறகு 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி வற்றிக் கார் இறக்குமதி மறுபடியும் நின்றது. ஐந்து வருடம் கழித்து 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. 2022இல் கொழும்பு முழுதும் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றது. மட்டக்குளியிலும் இரவிரவாக வண்டிக்குள்ளேயே படுத்தார்கள். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வசிக்கும் முதியவர்கள் அந்த வரிசையில் நின்றபடி பிள்ளைகளுக்குச் சூப்பிப் போத்தல் கதையைச் சொன்னார்கள். தெற்கின் மக்கள் அந்தத் தட்டுப்பாட்டைச் சில மாதங்கள் பட்டார்கள். வடக்கு அதை வருடக்கணக்கில், குண்டுகளுக்கு நடுவில் பட்டது. இதைக் கணக்குத் தீர்க்கச் சொல்லவில்லை. நாடு முழுதும் அறிய வேண்டிய வரலாறு என்பதால் சொல்கிறேன்.

காரைக் காப்பாற்றுவதற்குச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். காலிமுகத்திடல் ஹோட்டலில், எடின்பரோ கோமகன் பிலிப் 1940இல் இங்கே வாங்கி ஓட்டிய ஸ்டான்டர்ட் காரைக் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருக்கிறார்கள். நல்லது. அதைப்போல, தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40 ஒன்றை, அதன் கரி படிந்த காபரேற்றரோடும் ஹாண்டிலோடும் சூப்பிப் போத்தலோடும், யாழ்ப்பாணத்தில் மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். புதுப் பெயின்ற் அடித்து மினுக்கி வைத்தால் அதன் கதை போய்விடும். ஓடிய கோலத்திலேயே வைக்க வேண்டும்.

அதைவிட அவசரமானது மனிதர்களின் அறிவு. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதன் மாணவர்கள் பழைய பட்டறைகளுக்குப் போய் உட்கார வேண்டும். அமுக்கத்தைக் குறைக்கத் தலைக்கு எத்தனை காஸ்கட் வைத்தீர்கள், தீப்பொறி விழும் நேரத்தை எவ்வளவு பின்தள்ளினீர்கள், ஜெட்டின் துளையை எதனால் பெருப்பித்தீர்கள், எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றினீர்கள், மாற்ற ஒயில் இல்லாதபோது என்ன ஊற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். பதில்களை அளவோடும் படத்தோடும் தமிழில் எழுதி, சொன்னவரின் பெயரை முதலில் போட்டு, அச்சிட வேண்டும். கொழும்பிலும் அந்தக் காலத்து ஆட்கள் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒருவர், வத்தளையில் ஒருவர், இங்கே மட்டக்குளியில் பாலத்துக்குப் போகும் வழியிலும். போய்க் கேட்டால் சொல்வார்கள்.